வெறும் தண்ணீர்

தண்ணீர் குறைந்திருக்கிறது. அதிகமில்லை, அரை விரல்தான், கண்ணாடியில் நான் ஒட்டிவைத்த கறுப்பு டேப்புக்கும் தண்ணீர் மட்டத்துக்கும் நடுவே மெல்லியதாக ஒரு இடைவெளி, ஆனால் அவரும் பார்த்துவிட்டார். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியைத் தொட்டிக்கு நேரே இழுத்துப் போட்டுக்கொண்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, என் மாமா, என் கணவன் ஆல்வினின் அப்பா ஞானதுரை, தூத்துக்குடியில் வாழ்நாள் முழுக்க உப்பளம் பார்த்துவிட்டு இப்போது சென்னையில் எங்களோடு மூன்றாவது மாடியில் இருப்பவர், மீன் ஒன்றுகூட இல்லாத தொட்டியைக் காலைக் காபியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். உள்ளே நாலு பாறை, கொஞ்சம் வெள்ளை மணல், பாறை மேல் பழுப்பாகப் படிய ஆரம்பித்திருக்கும் பாசி, அவ்வளவுதான் காட்சி. சர்ச்சுக்கு வரவில்லை என்றுவிட்டார், முட்டி வலியாம். அந்த முட்டி சர்ச் படிக்கட்டுக்கு மட்டும்தான் வலிக்கும், தொட்டிக்கு முன்னால் குனிந்து எழுந்தால் வலிக்காது. ஆல்வினும் எங்கள் மகள் ரூத்தும் போயிருக்கிறார்கள். ஆராதனை முடிந்ததும் அப்படியே கொளத்தூருக்குப் போய் இரண்டு மீன் வாங்கி வருவார்கள், ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட கோமாளி மீன்கள், ரூத் இப்போதே பெயர் வைத்துவிட்டாள். அவர்கள் வருவதற்குள் நான் மாமாவிடம் சொல்லிவிட வேண்டும். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம், குழந்தைக்குக்கூடப் புரியும், கடல் மீன் வளர்க்கிறவர்கள் முதல் நாளே கற்றுக்கொள்வது. தண்ணீர் குறைந்தால் உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது, வெறும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். இதைச் சொல்ல முடியாமல்தான் ஒரு மாதமாக என் சொந்த வீட்டில் நான் திருடிபோல் நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

திருடி என்றால் திருடியேதான். தண்ணீர் நிரப்பின மறுநாளிலிருந்து அது ஆவியாகிக்கொண்டுதானே இருக்கும், அதுவும் சென்னைக் கோடையில், தொட்டி சூடாகாமல் இருக்க மேலே சின்ன விசிறி வேறு ஓடுகிறது, அது ஊத ஊதத் தண்ணீர் இறங்கும். மாமா குளிக்கப் போகிறாரா, குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்கிறதா, உடனே நான் நீல மூடி வாளியிலிருந்து வெறும் தண்ணீரை மக்கில் மொண்டு, சத்தம் வராமல் கண்ணாடி ஓரமாக ஊற்றி, டேப் வரைக்கும் கொண்டுவந்து, மூடி போட்டு, கையைத் துடைத்துக்கொண்டு இட்லி மாவைக் கலக்குகிற பாவனையில் நிற்பேன். அவர் தலையைத் துவட்டியபடி வந்து தொட்டியைப் பார்ப்பார். "பரவால்லயே, இன்னும் எறங்கவே இல்ல. மூடி நல்லாப் போட்டிருக்க" என்பார். பாவம், அவர் தன் முறைக்காகக் காத்திருக்கிறார். நான்தான் வாக்குக் கொடுத்தேன். மீன் வந்த பிறகு தண்ணீர் ஊற்றுகிற வேலை உங்களுடையது மாமா என்று சொன்னேன். அன்றைக்கே தெருமுனைக் கடைக்குப் போய் மூக்கு வைத்த மக் ஒன்று வாங்கி வந்துவிட்டார், தண்ணீர் சிந்தாமல் ஊற்றத் தோதானது. பச்சை நிறம். இதோ இப்போதும் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் இருக்கிறது. நாளையிலிருந்து எனக்கு அலுவலகம் தினமும், வீட்டிலிருந்து வேலை என்பதை நிறுத்திவிட்டார்கள், காலையில் நான் ஊற்றிவிட்டுப் போனாலும் மாலைக்குள் தொட்டியின் பின்னறையில் மட்டம் இறங்கி மோட்டார் காற்றை இழுக்க ஆரம்பித்துவிடும். பகலில் யாராவது ஊற்றித்தான் ஆக வேண்டும். யாராவது என்றால் அவர்தான்.

"குறைஞ்சிருக்கும்மா" என்றார் கடைசியில். "பாத்தேன் மாமா. இன்னும் கொஞ்சம் இறங்கட்டும்." "எவ்வளவு எறங்கணும்ங்குத? அப்ப டேப்பு எதுக்கு ஒட்டியிருக்கு, அழகுக்கா?" நியாயமான கேள்வி. நான் தொட்டி விளிம்பில் படிந்திருக்கும் வெள்ளைப் பொருக்கைச் சுரண்டுகிற வேலையில் மும்முரமாக இருப்பதாகக் காட்டிக்கொண்டேன். தண்ணீர் தெறித்துக் காய்ந்த இடமெல்லாம் உப்புப் பூத்துக் கிடக்கிறது, நகத்தால் நெம்பினால் செதிலாக வருகிறது, விரல் நுனியெல்லாம் எரிகிறது. இந்த எரிச்சலைக்கூட நான் மறந்திருந்தேன். ஐந்து வருஷமாகத் தொட்டி பால்கனியில் காலியாகக் கிடந்தது, முதலில் ரூத்தின் பழைய விளையாட்டுச் சாமான், அப்புறம் வெங்காயம், ஒரு பூனை ஒருமுறை அதில் குட்டி போட்டது. பாறைகளைச் சாக்கில் கட்டி வைத்திருந்தேன். போன மாதம் அவிழ்த்தபோது காய்ந்த கருவாட்டு வாசம் லேசாக வந்தது, அப்படியே ஐந்து வருஷத்துக்கு முந்தைய அந்த நாள் முழுசாக என் மூக்குக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. வேண்டாம், அதைப் பற்றி இப்போது வேண்டாம், முதலில் வாக்கியத்தைச் சரியாக அமைக்க வேண்டும். மாமா, இதுக்கு வெறும் தண்ணிதான் ஊத்தணும். சாதாரணமாகச் சொல்ல வேண்டும், ரசத்துக்கு உப்புப் போட்டாச்சு என்கிற மாதிரி. வேறு யாராக இருந்தாலும் சரிம்மா என்று சொல்லிவிட்டு மக்கை எடுத்துக்கொள்வார்கள், அதற்கு மேல் யோசிக்க மாட்டார்கள். இவர் யோசிப்பார். தண்ணீர் போனால் உப்பு எங்கே போகும் என்று இந்த உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் இவருக்குத் தெரியும், அதை வைத்துத்தான் இவர் சோறு சாப்பிட்டார், ஆல்வினைப் படிக்கவைத்தார். நான் அந்த வாக்கியத்தின் கடைசி வார்த்தைக்கு வருவதற்குள் இவர் ஐந்து வருஷம் பின்னால் போய், அன்று தான் உப்புக் கலக்கிய வாளிக்குப் பக்கத்தில் நின்றிருப்பார்.

முதலில் இந்தத் தொட்டியைப் பார்த்து அவர் சிரித்ததை நினைத்துக்கொள்கிறேன், அது நல்ல நினைவு. அத்தை இறந்து, உப்பளத்தை விட்டு, ஒரு பெட்டியோடு இங்கே வந்த புதிதில் மனிதர் பேசவே மாட்டார், டிவியில் எது ஓடுகிறதோ அதைப் பார்ப்பார், விளம்பரத்தையும் அதே முகத்தோடு பார்ப்பார். ஒருநாள் நான் டப்பாவிலிருந்து உப்பை வாளியில் கொட்டிக் கலக்கும்போது எழுந்து வந்தார். "உப்பையா கடையில வாங்குத? என்ட்ட சொல்லியிருந்தா ஒரு மூடை ஏத்திவிட்டிருப்பேன்லா?" சமையல் உப்பு ஆகாது மாமா, கடல் தண்ணீரில் இருக்கிற மற்றதெல்லாம் இதில் சேர்ந்திருக்க வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். அளத்தில் உப்பு விளைந்ததும் மிச்சமாக நிற்கிற கசப்புத் தண்ணீரை வெளியே திறந்துவிடுவார்களாம், அதில்தான் அந்த மற்றதெல்லாம் இருக்கும். "அப்ப நாங்க வேண்டாம்னு கொட்டுனத வெள்ளக்காரன் டப்பாவுல அடைச்சு ஒனக்கு விக்கான்" என்றார், சொல்லிவிட்டு அத்தை போன பிறகு முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் பெட்டியைத் திறந்து, வேட்டிகளுக்கு நடுவிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்து வந்தார், அளத்தில் தண்ணீரின் கனம் பார்க்கிற குழாய், டிகிரி பார்ப்பது என்பார்கள். ஊரிலிருந்து அவர் கொண்டுவந்த ஒரே தொழில் சாமான் அதுதான். என் வாளியில் அதை மிதக்கவிட்டு, குனிந்து பார்த்து, "மூணு டிகிரி. சரியான கடல்" என்று சான்றிதழ் கொடுத்தார். அதற்கப்புறம் டிவி குறைந்தது. நாற்காலி தொட்டிப் பக்கம் திரும்பியது.

இப்படிப்பட்ட மனிதர் எப்படி அந்தத் தவறைச் செய்தார் என்று நான் எத்தனை தடவை யோசித்திருப்பேன். பாத்திரம் கழுவும்போது, சிக்னலில் நிற்கும்போது, ரூத்துக்குப் பால் கொடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மாதங்களில். கைப்பழக்கம்தான் என்று முடிவு கட்டினேன். அளத்தில் பாத்தியில் தண்ணீர் வற்ற வற்ற மேலும் உப்புத் தண்ணீரைத்தானே பாய்ச்சுவார்கள், கனம் ஏறட்டும், உப்பு விளையட்டும் என்று. அந்தக் கை இங்கேயும் அதையே செய்துவிட்டது. கை செய்ததற்கு மனிதரை என்ன சொல்வது. நான்தான் என்ன சொல்லிவிட்டுப் போனேன்? ரூத் வயிற்றில் இருக்கும்போது கால் வீங்கி, பிரஷர் ஏறி, ஆஸ்பத்திரியிலேயே படுக்கச் சொல்லிவிடுவார்கள் என்று தெரியாமல் சும்மா காட்டிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன், லிஃப்டுக்குள் நின்றுகொண்டு, மாமா தண்ணி குறைஞ்சா ஊத்துங்க என்றேன், கதவு மூடிக்கொண்டது. அதற்கப்புறம் வாரக்கணக்கில் படுக்கை, அறுவை, குழந்தை எடை குறைவு என்று கண்ணாடிப் பெட்டியில். ஆல்வின் முக்கால்வாசி நேரம் என்னோடு. வீட்டில் மாமா ஒற்றை ஆள். தினமும் சாயங்காலம் போன் செய்வார், பிள்ளை எப்படி இருக்கு என்று கேட்டதும் அடுத்தது தொட்டிதான். "நீ ஒண்ணும் கவலப்படாத பியூலா. கோடு எறங்கவே விடல. டிகிரி பாத்துக் கலக்கி ஊத்துதேன்." டிகிரி பார்த்துக் கலக்கி. எனக்கு அது காதில் விழுந்தது, ஆனால் மண்டையில் ஏறவில்லை, அப்போது என் உலகம் ஒரு கண்ணாடிப் பெட்டி அளவுக்குத்தான் இருந்தது, அதற்குள் ரூத் மூக்கில் குழாயோடு கிடந்தாள். இந்தப் பக்கம் இன்னொரு கண்ணாடிப் பெட்டிக்குள் ஒவ்வொரு நாளும் உப்பு ஏறிக்கொண்டிருந்தது.

"சீவுனது போதும்மா, கண்ணாடி தேஞ்சுரும்" என்றார். சிரித்தேன். விசிறி ஓடுகிறது, தண்ணீர் மேல் ஒளி நெளிந்து பாறை மேல் ஓடுகிறது. வலது பக்கப் பாறையில் நண்பர் ஒருவர் தன் தொட்டியிலிருந்து வெட்டிக்கொடுத்த பச்சைப் பவளத் துண்டு ஒன்றை நேற்று ஒட்டினேன், நகத்தளவுதான், இன்னும் விரியவில்லை, பயந்த பிள்ளை மாதிரி சுருங்கி உட்கார்ந்திருக்கிறது. போனமுறை அவை உள்ளங்கை அளவுக்கு வளர்ந்திருந்தன. ரூத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று கதவைத் திறந்ததுமே வாசம். ஆல்வின் முந்தின நாளே பார்த்துவிட்டு என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கிறான், செத்த மீன்களை எடுத்தும் போட்டிருக்கிறான். தண்ணீர் கஞ்சிபோல் கலங்கி, பவளமெல்லாம் கரைந்து நூல் நூலாகத் தொங்க, தண்ணீர் மட்டம் மட்டும் டேப்பில் மிகச் சரியாக நின்றது. தையல் இழுக்க இழுக்கக் குனிந்து உப்பு அளக்கிற கருவியைக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். கோடு நிற்க வேண்டிய இடத்தில் இல்லை, எங்கேயோ மேலே ஏறிப் போயிருந்தது. தொட்டிக்குக் கீழே உப்பு டப்பா காலி. புரிந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் மாமா ரூத்தைத் துண்டோடு ஏந்திக்கொண்டு நிற்கிறார், அந்தப் பெரிய காய்த்துப்போன கைகளில் அவள் ஒரு கைப்பிடி. "ஒரு நாள் விடலையேம்மா. எப்படியாச்சு?" என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? யாராலும் முடியாது. என் வாய் தானாகச் சொன்னது, கரண்ட் போயிருக்கும் மாமா, இன்வெர்ட்டர் எடுத்திருக்காது, ராத்திரி நீங்க தூங்கும்போது பம்ப் நின்னிருக்கும். மாமா மெதுவாக ஆல்வின் பக்கம் திரும்பினார். "ஏல, பேட்டரிக்குத் தண்ணி பாத்தியா?" ஆல்வின் என்னைப் பார்த்தான். என் கையில் இருந்த கருவியைப் பார்த்தான், காலி டப்பாவைப் பார்த்தான். "பாக்கலப்பா" என்றான்.

அந்த ஒரு வார்த்தைக்கு ஐந்து வருஷமாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறான். கரண்ட் போனால் போதும், மாமா ஆரம்பித்துவிடுவார், "பேட்டரிக்குத் தண்ணி ஊத்தத் துப்பில்லாதவன், அத்தன உசுரக் கொன்னவன்" என்று. விருந்தாளி இருந்தாலும் சொல்வார், ரூத்திடமும் சொல்லியிருக்கிறார். ஆல்வினும் கூடச் சேர்ந்து சிரிப்பான். ஒருநாள் எல்லோரும் போன பிறகு தட்டுகளை அடுக்கிக்கொண்டே, "இன்னும் எத்தனை வருஷத்துக்கு நான் மீனக் கொன்னவன் பியூலா?" என்றான், விளையாட்டாகத்தான் கேட்டான், ஆனால் சிரிக்கவில்லை. பேட்டரியை இப்போது மாமாதான் பார்க்கிறார். கண்ணாடி போட்டுக்கொண்டு, டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு, மாதம் தவறாமல் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுகிறார். நான் சொன்ன பொய்க்கு அப்பாவும் மகனும் ஆளுக்கொரு பக்கமாக நின்று தோள் கொடுக்கிறார்கள். சொல்லிவிட வேண்டும். சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரியும். போன வருஷம் ஸ்கூட்டரிலிருந்து விழுந்த பிறகு ஆல்வின் சாவியைக் கேட்டபோது, மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டு உள்ளே போய், பட்டப்பகலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார், இரண்டு வேளை சாப்பிடவில்லை. ரூத்தைப் பள்ளிக்குக் கூட்டிப் போவதையும் அதோடு விட்டுவிட்டார், யாரும் சொல்லாமலேயே. அவ்வளவு பெரிய ஆள், ஒவ்வொன்றாகக் கையைச் சுருக்கிக்கொண்டு வருகிறார். நீங்கள்தான் மாமா எல்லாவற்றையும் கொன்றீர்கள் என்று தெரிந்தால் இந்த வீட்டில் ஒரு டம்ளரைக்கூடத் தொட மாட்டார். எனக்கு அவரைப் பிடிக்கும். என் அப்பாவைவிடப் பிடிக்கும், இதை யாரிடமும் சொன்னதில்லை. பயமாக இருக்கிறது.

வேறு வழி ஒன்றும் இருக்கிறது. தண்ணீர் குறைந்தால் தானாகவே ஊற்றுகிற சின்ன மோட்டார், ஆல்வின்தான் காட்டினான், ஒரு மாதமாக என் போனில் வாங்கும் கூடைக்குள் கிடக்கிறது, தினமும் ஒருமுறை திறந்து பார்க்கிறேன், வாங்கவும் இல்லை, அழிக்கவும் இல்லை. அதை மாட்டிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். மாமாவின் பச்சை மக் மட்டும் குளியலறைக்குப் போய்விடும். அவர் கேட்கவும் மாட்டார், சரிம்மா, மெஷினே ஊத்துமா, நல்லதாப் போச்சு என்பார், நாற்காலியை மறுபடி டிவி பக்கம் திருப்பிக்கொள்வார். அல்லது, அல்லது இன்னொரு பொய். தொட்டி பழசுதான், ஆனால் மோட்டாரெல்லாம் புது மாதிரி மாமா, இதற்கு வெறும் தண்ணீர் ஊற்றினால் போதும். இது எனக்கு நேற்று குளிக்கும்போது தோன்றியது, தோன்றினபோது பிரமாதமாக இருந்தது, சோப்பைக் கீழே போட்டுவிட்டேன். பழைய மாதிரிக்கு உப்புத் தண்ணீர், அதுவும் சரி, அப்போது நீங்கள் ஊற்றியதும் சரி, புதுசுக்கு வெறும் தண்ணீர், இதுவும் சரி, எல்லோரும் சரி. ஒரு பொய்க்கு முட்டுக் கொடுக்க இன்னொரு பொய், என்ன கெட்டுப்போய்விட்டது. ரூத் வந்துவிடுவாள். ஆராதனை முடிந்திருக்கும், இந்நேரம் கடையில் எந்த மீன் என்று கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பாள். இப்போது சொல்லாவிட்டால் நாளைக் காலை நான் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது மாமா இங்கே உப்புத் தண்ணீர் கலந்துவைத்திருக்கும் வெள்ளை மூடி வாளியைத் திறப்பார்.

"மாமா" என்றேன். "சொல்லும்மா." பச்சை மக் அதற்குள் அவர் கைக்கு வந்துவிட்டது. "இது வந்து, புது மாதிரி மாமா. மோட்டார் எல்லாம் வேற. இப்பல்லாம் இதுக்குத் தண்ணி குறைஞ்சா அந்த நீல மூடி வாளியில இருக்கற தண்ணிய ஊத்தினா போதும்." "நீல மூடியில என்ன தண்ணி?" "ஃபில்டர் தண்ணிதான்." "நல்ல தண்ணியா? குடிக்கதா?" "ஆமா மாமா." நான் பேசிக்கொண்டே போனேன், வெள்ளை மூடியில் இருப்பது வாரத்துக்கு ஒருமுறை மாற்றுவதற்கு, அதை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் அதைத் தொடவே வேண்டாம், என் குரல் எனக்கே பொருட்காட்சியில் மிக்ஸி விற்கிறவளின் குரல்போல் கேட்டது. அவர் எழுந்தார். முட்டி வலிக்கவில்லை. தொட்டி விளிம்பில் நான் சுரண்டாமல் விட்ட இடத்தில் கட்டைவிரல் நகத்தால் ஒரு செதிலைப் பெயர்த்து நாக்கில் வைத்தார். வைத்தபடி கொஞ்ச நேரம் டேப்பைப் பார்த்தார், தண்ணீர் மட்டத்தைப் பார்த்தார், மேலே ஓடுகிற விசிறியைப் பார்த்தார்.

"புது மாதிரி, பழைய மாதிரின்னு தண்ணிக்கு என்னம்மா இருக்கு" என்றார். "வெயிலோ காத்தோ, தண்ணியத்தான கொண்டுபோவும். உப்பு எங்க போவும்? அங்கனதான கெடக்கும்." நான் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "இது பேட்டரி மாதிரி. வெறும் தண்ணிதான் ஊத்தணும். அப்பமும் அதான ஊத்தியிருக்கணும்?" திரும்பி என்னைப் பார்த்தார். "பியூலா. அன்னைக்குக் கரண்டு போச்சா?" போச்சு மாமா என்று சொல்ல வாய் திறந்தேன், சத்தியமாக அதைச் சொல்லத்தான் திறந்தேன். அந்த மக்கை அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார், ரூத்தைப் பிடித்திருந்த அதே மாதிரி. "போகல மாமா" என்றேன்.

அவர் உட்காரவில்லை. உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளவும் இல்லை. நான் எதிர்பார்த்த எதையும் செய்யவில்லை, தொட்டிக்குள் மீன் இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அந்தப் பெரிய மஞ்ச மீனு" என்றார் அப்புறம், "கடைசி ரெண்டு நாளு கண்ணாடிகிட்டயே நின்னுச்சு. என்னையே பாத்துக்கிட்டு, வாயத் தொறந்து தொறந்து மூடிக்கிட்டு. பசிக்குன்னு நெனச்சேன். தீனியப் போட்டேன். திங்கல." அழுகை எனக்குத்தான் வந்தது. "நான் சரியாச் சொல்லிட்டுப் போகல மாமா, நீங்க பாத்தியில பாய்ச்சுற பழக்கத்துல..." என்று ஆரம்பித்தேன், ஐந்து வருஷமாகச் செதுக்கி வைத்திருந்த என் நியாயத்தை எடுத்து நீட்டினேன். "பழக்கமா?" என்று சட்டென்று திரும்பினார். கோபம். நான் அவரிடம் அதற்கு முன் பார்த்திராத கோபம். "அளத்துல அப்படியா கண்ண மூடிக்கிட்டுப் பாய்ச்சுவோம்? பாத்தியில டிகிரி பாக்காம ஒரு சொட்டு விட மாட்டேன் நான். பாத்தியத்தான் அளப்போம், கடல எவன் அளப்பான்? கடல் ஏறாது, எறங்காது. நான் இதக் கடல்னு நெனச்சேன்." மூச்சு வாங்கியது அவருக்கு. "வாளியில மூணு டிகிரி சரியா இருக்கான்னு பாத்தேன். தொட்டியப் பாக்கல. ஒரு தடவ குழாய உள்ள விட்டிருந்தாத் தெரிஞ்சிருக்கும்." பிறகு குரலை இறக்கி, "அஞ்சு வருசமா ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு எனக்குப் படங் காட்டுனியளாக்கும். நான் என்ன கைப்பிள்ளயா? தப்புன்னா தப்புன்னு சொல்ல மாட்டியளா?" என்றார். இத்தனை நாள் நான் பயந்ததெல்லாம் அவர் சுருங்கிப்போவார் என்றுதான். இப்படி நிமிர்ந்து நின்று திட்டுவார் என்று ஒருநாளும் தோன்றவில்லை. திட்டு வாங்கிக்கொண்டே நான் தேம்பினேன், தேம்பிக்கொண்டே உள்ளுக்குள் ஏதோ ஒன்று லேசாகிக்கொண்டு வந்தது, அதையும் மறைக்க முடியவில்லை.

போனை எடுத்து நீட்டி, "அவனப் போடு" என்றார். காது சரியாகக் கேட்காது என்பதால் ஸ்பீக்கரில் போட்டேன். கடையில்தான் இருந்தார்கள், காற்று மோட்டார்கள் குமிழி விடுகிற இரைச்சல், நடுவில் ரூத் யாரிடமோ எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். "என்னப்பா?" "ஏல ஆல்வின். பியூலா பிள்ளையத் தூக்கிக்கிட்டு வந்தாள்ல, அன்னைக்குப் பேட்டரியில தண்ணி இருந்துச்சா?" குமிழிச் சத்தம் மட்டும் கேட்டது. அவன் என்ன முகத்தோடு நிற்பான் என்று எனக்குத் தெரியும், அன்று நின்ற அதே முகம், என்னைத் தேடிப் பார்ப்பான், நான்தான் அங்கே இல்லை. "ஆல்வின், சொல்லு" என்றேன் நான். "இருந்துச்சுப்பா" என்றான். மாமா தலையை ஆட்டினார், அவன் பார்ப்பதுபோல. "மீனு வாங்கியாச்சா?" "இல்லப்பா, பாத்துட்டு இருக்கோம்." "பாத்து வாங்கு. வாய வேகமா தொறந்து மூடுதான்னு பாரு, அப்படின்னா வேண்டாம். அவசரப்படாத. நீ பாத்தா சரியா இருக்கும்" என்றார். நீ பாத்தா சரியா இருக்கும். ஆல்வின் அதைத் திரும்பக் கேட்பதுபோல், "சரிப்பா" என்றான் மெதுவாக, இன்னொரு தடவை, "சரிப்பா" என்றான்.

போனை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். போய்விட்டார் என்று நினைத்தேன், கட்டில் கிறீச்சிடுகிற சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். பெட்டி திறக்கிற சத்தம்தான் கேட்டது. வேட்டித் தலைப்பில் துடைத்தபடி அந்தக் கண்ணாடிக் குழாயைக் கொண்டுவந்தார். தொட்டிக்குள்ளேயே, பாறைகளுக்கு நடுவே, அதை மெதுவாக மிதக்கவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "மூணுக்குக் கொஞ்சம் மேல" என்றார், என்னிடம் இல்லை, குழாயிடம். அப்புறம் நீல மூடியைத் திறந்து பச்சை மக்கில் தண்ணீர் மொண்டார். ஊற்றப் போனவர் நின்றார். விரலை விட்டு நாக்கில் வைத்தார். திருப்தியில்லை, மறுபடி வைத்தார். பிறகு மக்கை என் பக்கம் நீட்டினார். "எனக்கு நாக்குல இன்னும் அந்தப் பொருக்கு இருக்கு. நீ பாத்துச் சொல்லு." நான் வாங்கி ஒரு மடக்குக் குடித்தேன்.

"உப்பில்ல மாமா" என்றேன்.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன் மாமா. வெறும் தண்ணி."

ஊற்றினார்.